கால் அங்குலமும் 6 மில்லிமீட்டரும் ஒன்றில்லை!

பெயின்ட்பால் ஆட்டத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் ரிங்கிட் கொட்டி மார்க்கர், அதாவது சாயக்குண்டு சுடும் துப்பாக்கி, வாங்குகிறார்கள். 4500 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை அடைக்கிற கார்பன் ஃபைபர் டேங்க் இருக்கிறது, நல்ல மாஸ்க் இருக்கிறது, பெயர் அச்சடித்த ஜெர்சி இருக்கிறது. ஆனால் டேங்கிலிருந்து மார்க்கருக்குக் காற்றைக் கொண்டுபோகிற ஒரு சாண் குழாய் மட்டும் தெருமுனை ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியது! யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற இந்தப் புத்தியை என்ன சொல்லித் திட்டுவது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பெயின்ட்பால் ஆடுகிற யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, யாரோ ஒருவர் டேங்கைத் திருகி ஏற்றுவார். உடனே ‘உஸ்ஸ்ஸ்’. காசு கொடுத்து நிரப்பிய காற்று கண்முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஒரு அணியே அவரைச் சுற்றி நிற்கும். ஆளுக்கு ஒரு யோசனை. ‘இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருண்ணே’ என்று ஒரு தம்பி ஸ்பேனரை நீட்டுவான். அந்த ஸ்பேனரைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருக்கிறது எனக்கு.

ஏனென்றால் முக்கால்வாசி நேரம் கோளாறு இறுக்கத்தில் இல்லை. வாங்கின பொருளே தப்பு.

முதலில் குழாயை எடுத்துக்கொள்வோம். மேக்ரோலைன் என்று நாம் சொல்கிற அந்த நைலான் குழாயின் வெளிவிட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். நம் ஊர் நியூமேட்டிக் (காற்றழுத்தச் சாதன) கடைகளில் கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பது 6 மில்லிமீட்டர் குழாய். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேட்டால், ‘சாமா சாஜா, பாஸ்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இல்லை ஐயா, இரண்டும் ஒன்றில்லை! ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் குழாயை இறுகச் சுற்றிப் பிடித்துத்தான் காற்றை அடைக்க வேண்டும், அந்த 0.35 மில்லிமீட்டர் குறைந்தால் அந்தப் பிடி கிடைக்காது. குழாயைச் செருகுகிற இணைப்பான ஃபிட்டிங்கின் பல் குழாயைப் பிடிப்பதுபோலப் பிடிக்கும், இழுத்துப் பார்த்தால் வராது, ‘ஆச்சு’ என்று கிளம்பிவிடுவார்கள். அழுத்தம் ஏறியதும் ஓ-ரிங் ஓரமாகக் கசியும், இல்லையென்றால் குழாயே பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

அழுத்தம் என்றதும் இன்னொரு கொதிப்பு. சாதாரணப் பட்டறை கம்ப்ரஸர் லைனில் ஓடுவது 90 முதல் 120 பிஎஸ்ஐ. நம் டேங்கின் ரெகுலேட்டர், அதாவது அழுத்தத்தைக் குறைத்து விடும் பாகம், வெளியே விடுவது வழக்கமாக 800 பிஎஸ்ஐ சுமாருக்கு. அதைவிடக் குறைவாக வெளியிடுகிற டேங்க் வகையில்கூட 450 பிஎஸ்ஐ பக்கம் இருக்கும். மார்க்கரின் சொந்த ரெகுலேட்டர் அதைக் குறைப்பதற்கு முன்னால் முழு அழுத்தத்தையும் தாங்குவது இந்தக் குழாய்தான். அதுவும் நம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. பட்டறைக் காற்றுக்குச் செய்த பிளாஸ்டிக் ஃபிட்டிங்கை அங்கே மாட்டுகிறவர்கள் எதை நம்பி மாட்டுகிறார்கள் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

சரி, குழாய் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து மரை, அதாவது ஃபிட்டிங்கைத் திருகி ஏற்றும் திருகு இழை. என் நெஞ்சு வெந்துபோவது இங்கேதான். பெயின்ட்பால் அமெரிக்காவில் பிறந்த ஆட்டம். 1981இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காட்டில் பன்னிரண்டு பேர் முதல் ஆட்டம் ஆடியதிலிருந்து இதன் அளவுகள் அமெரிக்க அளவுகள்தான். டேங்க் ஏறி உட்காருகிற ஏஎஸ்ஏ அடாப்டரிலும் ரெகுலேட்டரிலும் ஏர் லைனுக்காக இருப்பது பெரும்பாலும் 1/8 என்பிடி, அமெரிக்க மரை. மலேசியக் கடைகளில் குவிந்து கிடப்பது 1/8 பிஎஸ்பி, பிரிட்டிஷ் மரை. முன்னதில் அங்குலத்துக்கு 27 இழை, பின்னதில் 28. இழையின் கோணமும் வேறு, அங்கே 60 டிகிரி, இங்கே 55. பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கும்? ‘1/8’. அவ்வளவுதான்!

இந்த பிஎஸ்பி ஃபிட்டிங்கை ஏஎஸ்ஏவில் வைத்துத் திருப்பினால் முதல் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும். அப்புறம் இறுகும். இறுகியதும், ‘ஆஹா, நன்றாகப் பிடித்துவிட்டது’ என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இன்னொரு முக்கால் சுற்று. ஏஎஸ்ஏ அலுமினியம், ஃபிட்டிங் எஃகு. எது தேயும்? கழற்றிப் பார்த்தால் வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியத் துருவல் ஃபிட்டிங்கின் இழைகளில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு மேல் சரியான என்பிடி ஃபிட்டிங்கைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தாலும் பிடிக்காது. சில ரிங்கிட் பொருள் நூறு ரிங்கிட் பொருளைக் கொன்றுவிட்டது. விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டால், நாம்தான் அதிகமாக இறுக்கிவிட்டோமாம்!

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த மருந்து டெஃப்ளான் டேப். கசிகிறதா, சுற்று. இன்னும் கசிகிறதா, இன்னும் பத்துச் சுற்று. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல நுனி வரைக்கும் சுற்றி வைத்திருப்பார்கள். என்பிடி சரிவான மரை, அதற்கு ஒரு அடைப்புப் பொருள் தேவைதான், யார் இல்லை என்றது? ஆனால் நுனியில் ஓரிரு இழையை வெறுமனே விட்டுத்தான் சுற்ற வேண்டும். விடாவிட்டால் டேப் கிழிந்து, காற்றோடு உள்ளே போய், ரெகுலேட்டரிலும் சோலனாய்டு என்கிற மின் வால்விலும் உட்கார்ந்துகொள்ளும். நண்பர் ஒருவரின் மார்க்கர் சுடும் வேகம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்று அக்கக்காகப் பிரித்தோம். ரெகுலேட்டருக்குள் வால்வு உட்காரும் இடத்தில் வெள்ளையாக ஒரு டேப் நூல், நகத்துண்டு அளவுகூட இல்லை. அதற்காக அவர் புது சோலனாய்டு வாங்கக் கிளம்பியிருந்தார். திரவ சீலன்ட் நல்லதுதான், ஆனால் அதைத் தடவின சூட்டோடு காற்றை ஏற்றினால் அதுவும் உள்ளேதான் போகும். ஒரு இரவு காயவிடுங்கள் என்றால் யாருக்கும் பொறுமை இல்லை.

அப்புறம் கத்தரிக்கோல். ஐயோ, அந்தக் கத்தரிக்கோல்! குழாயைக் கத்தரியால் வெட்டினால் வாய் நசுங்கி முட்டை வடிவமாகும், வெட்டு சாய்வாகப் போகும், ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு ஓ-ரிங்கைக் கீறும். குழாய் வெட்டி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் புது பிளேடு போதும், நேராக வெட்டலாம். ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய குழாயாக இருந்தால் ஃபிட்டிங்கின் பல் கடித்த வளையம் நுனியில் தெரியும், விரலால் தடவினாலே உணரலாம். அந்த இடத்தைத் தாண்டி வெட்டிவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். வெட்டினால் குழாய் குட்டையாகிவிடுமே என்று அப்படியே செருகுகிறவர்களுக்காகத்தான் ஞாயிறுதோறும் ஆட்டம் தாமதமாகிறது. குட்டைக் குழாயை இழுத்துப் பிடித்து மாட்டுவதும் இதே பாவம்தான். ஃபிட்டிங்கை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டே இருக்கும், எப்படியும் கசியும். செருகும்போது முதலில் ஒரு தடை வரும், அதுதான் ஓ-ரிங், அதையும் தாண்டித் தள்ள வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் ஆகாது. எந்தக் கடையில் சொல்கிறார்கள்?

காற்றுக்குப் பதிலாக சிஓ2 (கரியமில வாயு) பாட்டிலை வைத்துக்கொண்டு அதில் நைலான் குழாயை மாட்டுகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். திரவ சிஓ2 குழாய்க்குள் வந்தால் உறைகிற குளிர், நைலான் நொறுங்கும் பதத்துக்குப் போகும். வெயிலில் காருக்குள் பாட்டிலை விட்டாலோ 31 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது, அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். நம் ஊரில் எந்த மத்தியானம் 31ஐத் தாண்டாமல் இருக்கிறது? சிஓ2 என்றால் எஃகு வலை போர்த்திய ஹோஸ், வேறு பேச்சே கிடையாது.

இப்போது வருகிற விலை கூடிய மார்க்கர்கள் பலவற்றில் வெளியே குழாயே இல்லை, காற்று உடம்புக்குள்ளேயே போகிறது என்று சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். நல்லது. பழைய மார்க்கரைக் கைமாற்றி வாங்கி ஆடத் தொடங்குகிற பையன்கள் என்ன செய்வது? ஆசையாக வந்து, முதல் நாளே கசிவோடு போராடி, நாலு வாரத்தில் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வலிக்கிறது.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது சொத்து எழுதித் தரச் சொல்லி அல்ல. பொட்டலத்தின் மேல் மூன்று விஷயம் அச்சடியுங்கள்: என்பிடியா பிஎஸ்பியா, குழாய் வெளிவிட்டம் எத்தனை, எத்தனை பிஎஸ்ஐ தாங்கும். வாங்குகிறவர்களே, அந்த மூன்றும் இல்லாத பொட்டலத்தைக் கல்லாவிலேயே திருப்பிக் கொடுங்கள்.