ஸ்கேனை இரட்டித்தால் விகிதம் இரட்டிக்காது
புரோட்டான் என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சிக்னலைப் பதிவு செய்து மூலக்கூறை ஆராயும் முறை) ஸ்கேன் எண்ணிக்கையை, அதாவது ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் பதிவு செய்து கூட்டும் தடவைகளை, இரட்டித்தால் சிக்னல்–இரைச்சல் விகிதமும் இரட்டிக்கும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை வழிமொழிந்துள்ளனர். பணிவான திருத்தம்: விகிதம் சுமார் 1.4 மடங்குதான் உயரும். சிக்னல் ஒவ்வொரு ஸ்கேனிலும் அதே இடத்தில் சேர்கிறது. இரைச்சலோ ஒழுங்கற்றது, ஓரளவு தன்னையே அழித்துக்கொண்டு, எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கே வளர்கிறது. எனவே இரு மடங்கு விகிதத்துக்கு நான்கு மடங்கு ஸ்கேன் தேவை, அதாவது நான்கு மடங்கு நேரம். இரவெல்லாம் கருவிக்காகக் காத்திருக்கும் ஆய்வு மாணவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

நீங்களே சோதிக்கலாம். நீர்த்த மாதிரி ஒன்றை, ரிசீவர் கெயினை (கருவி சிக்னலைப் பெருக்கும் அளவை) மாற்றாமல், 16, 64, 256 ஸ்கேன்களில் பதிவு செய்து, ஒரே விதமாகச் செயலாக்குங்கள். நிறமாலையில் அதே சிக்னல் உச்சியையும், இரைச்சலுக்காக, சிக்னல் இல்லாத அதே வெற்றுப் பகுதியையும் அளந்தால், ஒவ்வொரு படியிலும் விகிதம் ஏறக்குறைய இரட்டிக்கும்.