சென்ட் விலை ஏறுது, அளக்கத்தான் ஆள் இல்லை

ஒசூரிலிருந்து சூளகிரி வரைக்கும் ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் மனைப்பிரிவு போர்டு. கம்பெனி வருது, சிப்காட் வருது, சென்ட் விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் உங்கள் பட்டாவில் இருக்கிற நிலம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு சர்வேயரைப் பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

போன் போட்டால் எடுப்பதே அபூர்வம். எடுத்தால் "சார், லேஅவுட்ல நிக்கிறேன், சாயங்காலம் கூப்பிடுறேன்" என்பார், எந்த வருஷத்துச் சாயங்காலம் என்று மட்டும் சொல்ல மாட்டார். சரி, அவர் பக்கமும் பார்க்க வேண்டும். ராகிக்காடும் தக்காளித் தோட்டமும் மொத்தமாக மனையாகிக்கொண்டிருக்கிறபோது, நூறு பிளாட் பிரிக்கிற புரமோட்டரை விட்டுவிட்டு, வேலி போட வேண்டும் என்று கெஞ்சுகிற எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு எவர் வருவார்? வருகிறேன் என்கிறவர் சொல்கிற ரேட்டுக்கும் ஒரு முறை கிடையாது. ஒருத்தர் ஏக்கர் கணக்கு, இன்னொருத்தர் நாள் கணக்கு, இன்னொருத்தருக்கு மெஷின் வாடகை தனி, டேப் பிடிக்கிற ஆளுக்குத் தனி, நடுகிற கல்லையும் நாமே வாங்கி வைக்க வேண்டும். ரசீது கேட்டால் அவர் சொத்தில் பாகம் கேட்டது மாதிரி ஒரு முறைப்பு.

ஒருத்தரிடம் லைசென்ஸ் இருக்கா என்று கேட்டேன். விசிட்டிங் கார்டை நீட்டினார். விசாரித்தால் அது கட்டட பிளான் போட்டு அப்ரூவலுக்குக் கொடுக்கிற உரிமம். நில அளவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பஜார் பூராவும் இப்படி 'லைசென்ஸ்டு சர்வேயர்' போர்டு தொங்குகிறது, எது எதற்கான லைசென்ஸ் என்று எந்த விவசாயிக்குத் தெரியும்?

இதையெல்லாம் தாண்டி ஒருத்தர் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து அளக்கிற டிஜிபிஎஸ் கருவியோடு வந்து இறங்கினார். வந்ததும் முதல் கேள்வி, "பழைய கல்லு எங்க சார்?" எங்கே இருக்கும்? பக்கத்துக் காட்டை ஜேசிபி வைத்துச் சமன்படுத்தினபோது சர்வே கல்லையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். எஃப்எம்பி என்கிற அரசாங்கப் புலப்படத்தில் மீட்டர் கணக்கில் எல்லாம் அழகாகப் போட்டிருக்கிறது, ஆனால் பிடிக்க ஒரு கல்லாவது வேண்டாமா? சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கிற கருவியாக இருந்தாலும் எங்கிருந்து பிடிப்பது என்று தெரியாவிட்டால் அது என்ன செய்யும், பாவம். இதில் கூத்து என்னவென்றால் 1923ஆம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி கல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பட்டாதாரர் பொறுப்பாம். தூக்கிப்போனவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறான், பொறுப்பு மட்டும் எனக்கு!

தள்ளியிருக்கிற கல்லைத் தேடி எடுத்து, ஒரு வழியாக அளந்து கோடு போட்டால், பக்கத்து நிலத்துக்காரர் வந்து நிற்கிறார். "அண்ணா, நீங்களும் கூட நின்னுதானே பார்த்தீங்க?" என்றேன். "நீ காசு குடுத்துக் கூட்டியாந்த ஆளுப்பா, உனக்குச் சாதகமாத்தான் காட்டுவான், கவர்மென்ட் சர்வேயர் வரட்டும்" என்றார். கோபம் வந்தாலும் அவர் கேட்பதில் தப்பில்லை. தனியார் அளந்த படத்தைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனால் வாங்கிப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

சரி, அரசு வழியிலேயே போவோம் என்று அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி ஆன்லைனில் பணம் கட்டினால், அங்கே இன்னொரு கதை. பல கிராமம் சேர்ந்த பிர்காவுக்கு அரசு சர்வேயர் ஒருத்தர், அவர் தலையில்தான் எல்லாம். உட்பிரிவு பட்டா அவர்தான், ரோட்டுக்கு நிலம் எடுத்தாலும் அவர்தான், ஆக்கிரமிப்பு, கோர்ட் கமிஷன் எல்லாவற்றுக்கும் அவர்தான். தேதி கொடுத்தால் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதில் ஒருத்தர் பெங்களூரில் இருந்துகொண்டு முதலீட்டுக்காக வாங்கிப்போட்டவர், தன் நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அவர் வரவில்லை, தேதி தள்ளிப்போச்சு.

எனக்கு இதில் எரிச்சலே வேறு. இந்த ஊரில் பிரச்சினை சர்வேயர் பற்றாக்குறை மட்டும் இல்லை, விற்கிற வரிசையே தலைகீழ். ரெண்டு ஏக்கர் சர்வே நம்பரில் நாற்பது சென்ட், கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று நாலெல்லை எழுதி, யாரும் டேப்பே பிடிக்காமல் பத்திரம் பதிவாகிவிடுகிறது. 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம், உட்பிரிவுக் கட்டணம் எல்லாம் அங்கேயே கறாராக வாங்கிக்கொள்கிறார்கள். அளப்பது மட்டும் அப்புறம்! ஒரே சர்வே நம்பரில் இப்படி ஆறு பேருக்கு விற்றபிறகு கூட்டிப் பார்த்தால் மண்ணைவிடப் பத்திரத்தில் சென்ட் அதிகம். அதற்கு மேல் 1979க்கும் 1987க்கும் நடுவில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திட்டக் காலத்துப் பிழை வேறு, பரப்பு குறைந்தவனும் பெயர் மாறிப்போனவனும் இன்னமும் அலைகிறான்.

மாநில எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் தாலுகா. கர்நாடகத்தில் சர்வே நம்பரில் ஒரு பாகத்தை விற்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் பாகத்தை அளந்து போட்ட படம், 11ஈ ஸ்கெட்ச், வேண்டும். விண்ணப்பம் போட்டால் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள், அவர் அளந்து கொடுப்பதைத் துறை சரிபார்க்கிறது, அதற்குப் பிறகுதான் பதிவு. அங்கேயும் இழுத்தடிப்பு உண்டு, கவனிப்பு உண்டு, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அளந்தபிறகு விற்கிறான்யா! பத்து மைல் தள்ளி நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்காது? உரிமம் உள்ளவர் அளந்ததைத் துறை சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் அந்த பிர்கா சர்வேயர் தலையிலும் பாதி பாரம் இறங்கும், பக்கத்து நிலத்து அண்ணனுக்கும் பேச வாய் இருக்காது. ஏற்க முடியாது என்றால், எங்களை எதற்குத் தனியார் சர்வேயர் பின்னாலேயே அலையவிடுகிறீர்கள்?