கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தாலே சிசேரியன் தேவை என்பதில்லை

"கர்ப்பிணிக்குக் கொரோனா என்றால் உடனே சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும், ஸ்டீராய்டு போடவே கூடாது, தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது" என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். மூன்றுமே தவறு.

தொற்று இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. தாயின் மூச்சுத்திணறல் கட்டுக்குள் வராதபோதோ, குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறும்போதோ, பிரசவம் சார்ந்த வேறு காரணம் இருந்தாலோதான் அந்த முடிவு.

அப்புறம் ஸ்டீராய்டு, அதாவது உடலில் அழற்சியைக் குறைக்கும் மருந்து. 2020இல் பிரிட்டனில் கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதித்த ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைக்கிறது என்று காட்டியது, அதில் கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை, ஆகவே லேசான காய்ச்சலுக்கு நீங்களாக வாங்கிப் போடவும் கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பல மருத்துவர்கள் இதற்குப் பதில் பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு தருவதுண்டு, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவது குறைவு. கர்ப்பத்திலேயே ரத்தம் உறையும் தன்மை கூடுதல், கொரோனா அதை இன்னும் கூட்டும் என்பதால் மருத்துவமனையில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியும் போடுவார்கள். அது குழந்தைக்குப் போகாது, பயந்து மறுக்காதீர்கள்.

தாய்ப்பாலைப் பொறுத்தவரை, முகக்கவசம் போட்டு, கை கழுவிக் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கடைசி மூன்று மாதங்களில் நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.