சேங்கொட்டைக் குறி

உவர்மண் போட்டுத் துணி வெளுத்த காலம்தான் பொற்காலம் என்று இரண்டு நாளாக ஒரு பதிவு சுற்றுகிறது. நொய்யல் ஆற்றங்கரைச் சொந்தக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பகிர்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வெள்ளாவியின் அருமை தெரியாமல் பேசவில்லை. உவர்மண்ணில் இருக்கும் சோடாக்காரம் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழற்றிவிடும். அந்த மண்ணைக் கரைத்த நீரில் துணியை முக்கி, அடுப்பில் பதித்த பெரிய பானைக்கு மேலே சுற்றி அடுக்கி, இரவு முழுக்க விறகெரித்து ஆவியில் அவிப்பார்கள். விடிந்ததும் பொதியைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வண்ணாந்துறைக்குப் போக வேண்டும். கல்லில் அடித்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கிக் காயப்போடுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்கு ஓரத்தில் சேங்கொட்டை என்ற மரக்கொட்டையின் கருஞ்சாற்றில் ஒரு குறி. எத்தனை வெள்ளாவி கண்டாலும் அது போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். பொற்காலப் பதிவில் இது இல்லை.

எங்கள் வீட்டுக்கு வெளுத்தவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். பத்து வயதுப் பையன் நான் அவரிடம் ‘வா, போ’ என்றுதான் பேசினேன். அவர் என்னைச் ‘சாமி’ என்பார். வீட்டில் ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. கூலி என்பது அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியமும், பொழுது சாய்ந்தபின் வாசலில் நின்று வாங்கும் சோறும். அவர் மனைவி பொடக்காலி, அதாவது வீட்டின் பின்புறம், வழியாக வந்து தீட்டுத் துணியை எடுத்துப் போவார். சீர் என்றால் மாற்று (வெளுத்த துணி) விரிக்க அவர்கள் வேண்டும், சாவு என்றாலும் அவர்கள் வேண்டும். பந்தியில் மட்டும் கடைசி.

நொய்யல் கெட்டதற்கும் சோப்புத்தூளைத் திட்டுகிறார்கள். திருப்பூர்ப் பனியன்களுக்கு வெளுப்பும் சாயமும் ஏற்றிய கழிவுநீர்தான் ஆற்றைக் கொன்றது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியானது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. (பனியன் காசில் படித்தவன் நான். இதற்கு மேல் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.)

பதிவைப் படித்த அன்று அப்பாருவின் (தாத்தாவின்) பழைய வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நூல் இற்றுப்போயிருந்தது. ஓரத்தில் மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. எங்கள் வீட்டுக் குறி, இன்னும் கருப்பாகவே இருக்கிறது. குறி போட்டவரின் பெயரை அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வண்ணான் என்றுதான் கூப்பிடுவோம்” என்றார்.