கொத்தனார் நுழைய முடியாத பசுமைக் கட்டடப் பயிற்சி

கல்லூரியில் பசுமைக் கட்டடப் பயிற்சிக்கூடம் திறக்கிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, மணல் கொட்ட இடம் இருக்கிறதா? ஏசி அரங்கும் புரொஜெக்டரும் போதும் என்றால் அதற்குக் கருத்தரங்கக் கூடம் என்றே பெயர் வைத்துவிடலாம்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' என்ற சுவர் கட்டும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கி, நடுவில் வெற்றிடம் விடுவது. அதே ஒன்பது அங்குலச் சுவர்தான். கல் கிட்டத்தட்ட 25 சதவீதம் மிச்சம், உள்ளே இருக்கும் காற்று வெயிலின் சூட்டையும் குறைக்கும். தேர்வில் படம் வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். சுவரில் கட்டும்போதுதான் சங்கதி தெரியும். கலவை வெற்றிடத்துக்குள் விழாமல் இருக்க மேலே ஒரு மரக்கட்டையை வைத்து வைத்து எடுக்க வேண்டும். கல் ஒரே அளவாக இல்லாவிட்டால் வரிசை ஓடாது. வயர் குழாய் எங்கே போகும் என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இதையெல்லாம் கையால் செய்து பார்க்காத மேஸ்திரி, "இது நிக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் பழைய கட்டுக்கே போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சுவர் விழுந்தால் பேச்சு வாங்கப்போவது அவர்தானே.

ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமானக் கழகத்தில் பயிற்சிக்குப் போகிறவர்கள் மண்ணைத் தொட்டே கற்கிறார்கள். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, கை அழுத்த இயந்திரத்தில் கல்லாக்குகிறார்கள். சூளையே வேண்டாம். ஆனால் அந்தக் கல்லை நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், தண்ணீர் விட யார் வருவார்கள்? மாணவர்கள் செமஸ்டர் முழுக்க இருக்கும் கல்லூரிதான் இதற்குச் சரியான இடம்.

கட்டடத்துக்குப் பசுமைச் சான்று வாங்கப் புள்ளி கணக்கிடத் தெரிந்தவர்களும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுகிறவர் வெளியே நிற்கிறாரே! ஒரு நாள் வகுப்புக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. சட்டப்படி கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்காக வசூலாகிறது. பயிற்சி நாட்களின் கூலியை அதிலிருந்து கொடுங்கள். கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைக்கட்டும். காலமெல்லாம் கலவை சுமந்தே ஓய்ந்துபோகும் சித்தாள் பெண்களையும் கரண்டி பிடிக்கக் கூப்பிடுங்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. பயிற்சிச் சுவரைச் சிமென்ட் இல்லாமல் மண் சாந்தில் கட்டினால், பிரித்து அடுத்த அணிக்கும் அதே கல்லைக் கொடுக்கலாம். அப்புறம், சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல மேஸ்திரியை வையுங்கள், மரியாதையான சம்பளத்தோடு. அவரிடம் போய் எம்.இ. சான்றிதழ் கேட்காதீர்கள்.