கணவாய்க்கு முன்னால் இரைத் தொட்டி

கணவாய் முட்டை வேண்டும் என்று எழுதுகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: கணவாய்க் குஞ்சுக்கு இரையாகும், இறால் போன்ற சிறு கடலுயிரான மைசிட்டுக்கு உங்கள் வீட்டில் தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது? இன்னும் வைக்கவில்லை என்றால் முட்டையை இப்போது வாங்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. ஆனாலும் நான் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்பதை ஒரு முறை விரிவாக எழுதிவிட விரும்புகிறேன்.

நான் வசிப்பது கலிபோர்னியாவின் சான் டியேகோவில். ஆறு ஆண்டுகளாக வளர்ப்பது செப்பியா பாண்டென்சிஸ் என்னும் குள்ளக் கணவாய். நம் ஊர் மீன் சந்தையில் விற்கும் ஓட்டுக்கணவாயின் இனம்தான் என்றாலும், முழுதாக வளர்ந்த பிறகும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓட்டுக்கணவாய் எதுவும் அமெரிக்கக் கரையோரக் கடல்களில் இயற்கையாக இல்லாததால், இங்கே ஒருவர் கைக்கு வரும் ஒவ்வொரு முட்டையும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்ததாக இருக்கும், அல்லது யாரோ தொட்டியில் பாடுபட்டு எடுத்ததாக இருக்கும். சுமார் ஓராண்டே வாழும் அந்த உயிர் முதல் ஆறு வாரங்களைத் தாண்டுமா என்பதை இரைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதல் முறை எனக்கு 14 முட்டைகள் கிடைத்தன. கருந்திராட்சைக் கொத்துப் போலிருந்த அவற்றிலிருந்து 11 குஞ்சுகள் பட்டாணி அளவில் வெளிவந்தன. நான் ஏற்பாடு செய்திருந்தது ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலில் வளர்ந்தவை மட்டுமே. குஞ்சுகள் அதை ஆவலாகப் பிடித்துத் தின்றதால் நானும் நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரத்தில் அவை இரையைக் குறிபார்த்துத் தவறவிடத் தொடங்கின. பிறகு குறிபார்க்கவும் இல்லை. ஒன்பது குஞ்சுகள் இறந்தன. ஆர்ட்டீமியா உப்பேரிகளில் வாழும் உயிர். கடல் மைசிட்டில் நிறைந்திருக்கும் டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலம் அதில் மிகக் குறைவு. கண்ணும் மூளையும் வேகமாக வளரும் பருவத்தில் குஞ்சுக்கு அது இல்லாமல் முடியாது. வயிறு நிறைய இருந்தபோதே அவை பட்டினியாகக் கிடந்திருக்கின்றன. இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

மைசிட் வளர்ப்பில் பெரிய சூட்சுமம் இல்லை. நாள் தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாற்பது லிட்டர் தொட்டியும், மெதுவாகக் காற்று விடும் பஞ்சு வடிகட்டியும், 25 டிகிரி வெப்பமும் போதும். ஆனால் பசி வந்தால் மைசிட் தன் குஞ்சையே தின்றுவிடும் என்பதால், காலையும் மாலையும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைப் போட வேண்டும். குஞ்சுகளை அவ்வப்போது சல்லடை வலையால் பிரித்து வேறு தொட்டியில் விட வேண்டும். ஆர்ட்டீமியா முட்டை உப்பு நீரில், ஓயாத காற்றோட்டத்தில், ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும். பொரிந்தவுடன் தெரியும் செம்மஞ்சள் நிறம் அதன் கருவூண். சில மணி நேரத்தில் தோலுரித்ததும் நிறமும் சத்தும் குறையத் தொடங்கும். அதற்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் நுண்பாசி ஊட்டிய பிறகு கொடுக்க வேண்டும். மைசிட் தின்பதுதான் கடைசியில் கணவாய்க்குப் போய்ச் சேருகிறது.

கணக்கையும் பாருங்கள். என் தொட்டியில் ஒரு குஞ்சு நாளொன்றுக்கு ஆறு மைசிட்டாவது தின்கிறது. பத்துக் குஞ்சுகளுக்கு நாற்பது நாளில் 2,400. இதை அஞ்சலில் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஒரு பார்சல் தாமதமானால் இரண்டு நாள் பட்டினி. உறைந்த இறாலுக்குப் பழக்கலாமே என்பார்கள். பழக்கலாம், நானும் பழக்குகிறேன்; ஆனால் பிறந்த குஞ்சு அசையும் இரையைத்தான் இரையாக அறியும், பழகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். முட்டைக்குள் இருக்கும்போதே நண்டுகளைப் பார்த்த கணவாய்க் குஞ்சுகள், பொரித்த பின் தம் இயல்பான விருப்பமான இறாலை விட்டு நண்டை நாடின என்று 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து, முட்டைகள் தொங்கும் கூடைக்கு எதிரிலேயே மைசிட் தொட்டியை வைத்திருக்கிறேன்.

பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், வளர்ப்போருக்கும் இது பொருந்தும். இங்குள்ள ஆக்டோபஸ் பைமாக்குலாய்டிஸ் என்னும் இருபுள்ளிப் பேய்க்கணவாயின் குஞ்சு பொரித்தவுடனே தரையில் ஊர்ந்து வேட்டையாடக் கூடியது. கடற்பாசிக் கொத்து கிடக்கும் ஒரு வாளியில் தானாகப் பெருகும் ஆம்பிபாட் என்னும் இறால் போன்ற சிற்றுயிர் அதற்கு நல்ல தொடக்கம். வளர்ந்த பிறகு நண்டு வேண்டும். நண்டின் இளம்பருவம் கடலில் மிதந்து வளர்வது என்பதால் அதை வீட்டில் பெருக்குவது எளிதல்ல, வாங்கித்தான் வைத்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கமீனைப் போடாதீர்கள். நன்னீர் மீனின் கொழுப்பு கடலுயிருக்கு ஒத்ததல்ல. செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டியிலிருந்து வரும் இரையையும், அந்த நீரையும் அண்ட விடாதீர்கள்; கணவாய்களுக்குச் செம்பு நஞ்சு.

சென்ற ஆண்டு முட்டை கேட்ட ஒரு கல்லூரி மாணவியிடமும் இதையே சொன்னேன். பத்து வாரம் கழித்து ஒரு காணொளி அனுப்பினார். பூதக்கண்ணாடி வழியாக எடுத்தது: ஒரு பெண் மைசிட், அதன் வயிற்றடிப் பையில் குஞ்சுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள். அந்தச் சனிக்கிழமையே எட்டு முட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.