பழைய சுரங்கத்தில் ஓட்டுநரில்லா ரயில்

லண்டன் சுரங்க ரயில்களை ஓட்டுநரின்றி இயக்கினால் செலவு குறையும் என்று வாதிடும் கட்டுரையாளர், கணினியைவிடச் சுரங்கமே பெரிய தடை என்பதைக் கவனிக்கவில்லை. 1968-இல் திறக்கப்பட்ட விக்டோரியா தடத்தில் தொடக்கத்திலிருந்தே வண்டி தானாகத்தான் ஓடுகிறது. முன்னால் அமர்ந்திருப்பவர் கதவுகளைக் கவனித்துப் புறப்பட ஆணையிடுகிறார். ஆனால் பழைய, ஆழமான குழாய்ச் சுரங்கங்களில் பக்கவாட்டு நடைபாதைக்குக்கூட இடமில்லாததால், வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பயணிகளை முனைக் கதவு வழியே தண்டவாளத்தில் இறக்கி அழைத்துச் செல்ல ஒரு பணியாளர் தேவை. 1900-இல் தொடங்கிய பாரிஸின் முதல் தடம் 2012-இல் முழுத் தானியக்கத்துக்கு மாறியதைச் சுட்டுவோர், அங்கே எல்லா நடைமேடைகளிலும் பயணிகள் தண்டவாளத்தில் விழாமல் காக்கும் தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். லண்டனின் வளைந்த நடைமேடைகளில் அது எளிதன்று. அந்தச் செலவையும் சேர்த்தபின் ஓட்டுநர் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கட்டுரை காட்டியிருக்க வேண்டும்.